உலாவிக்குள் ஒரு பரண்

இந்தக் கட்டுரையைப் படித்துக்கொண்டிருக்கும் உங்கள் கைப்பேசிக்குள், இந்த நிமிடத்தில், நூற்றுக்கணக்கான குட்டித் தரவுத்தளங்கள் உட்கார்ந்திருக்கின்றன. வாட்ஸாப் அரட்டைகள் ஒன்றில். தொடர்பு எண்கள் இன்னொன்றில். உலாவியின் வரலாறு வேறொன்றில். ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே மென்பொருள்: எஸ்க்யூலைட். விமானப் பயன்முறையைப் போட்டுவிட்டு வாட்ஸாப்பைத் திறந்து பாருங்கள், மூன்று வருடத்துக்கு முந்தைய சண்டைகூட அப்படியே இருக்கும். அதே நிலையில் ஒரு இணையதளத்தைத் திறந்தால்? பெரும்பாலும் குரோமின் அந்தக் குட்டி டைனோசர்தான் வரும்.

இரண்டும் ஒரே போன். இரண்டும் ஒரே நினைவகம். அப்புறம் ஏன் ஒன்றுக்குப் பரண் இருக்கிறது, இன்னொன்றுக்கு இல்லை? இந்தக் கேள்வி எனக்கு வேலையிலிருந்து வந்தது. செயலி எழுதிப் பிழைக்கிறவன் நான். 'பயனரின் தரவை அவர் சாதனத்திலேயே சேமிக்க எந்த லைப்ரரி நல்லது?' என்ற விவாதம் எங்கள் தொழிலில் இட்லியா தோசையா மாதிரி, தீரவே தீராது. டெக்ஸியா, பவுச்டிபியா, லோக்கல்ஃபோரேஜா, ரியல்மா என்று அட்டவணை போட்டு ஒப்பிடுவார்கள். ஒருமுறை அப்படி ஒரு கூட்டத்தில், டீமே 'அண்ணே' என்று கூப்பிடுகிற மூத்தவர் ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "தம்பி, டப்பா மேல ஒட்டியிருக்கிற பேரத்தான் நீங்க ஒப்பிடுறீங்க. உள்ள என்ன இருக்கு, யார் பூட்டு போட்டிருக்கான்னு பாருங்க." அதைப் பார்க்கப் போனதில் கிடைத்த கதைதான் இது.

*

1994. நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மான்டுலி என்ற இளம் நிரலாளர். எம்சிஐ என்ற தொலைபேசி நிறுவனம் இணையத்தில் கடை போட விரும்பியது. வாடிக்கையாளர் கூடையில் பாதிப் பொருளைப் போட்டுவிட்டுப் போய்விட்டால், அந்தப் பாதிக் கணக்கைத் தங்கள் சர்வரில் வைத்துக்கொள்ள அவர்களுக்கு விருப்பமில்லை. வாடிக்கையாளரின் கணினியிலேயே அது இருந்தால் நல்லது என்றார்கள். வலைக்கோ ஞாபகம் என்ற ஒன்றே கிடையாது. ஒவ்வொரு முறை பக்கத்தைக் கேட்கும்போதும் நீங்கள் புது ஆள்தான். மான்டுலி யூனிக்ஸ் உலகத்திலிருந்து 'மேஜிக் குக்கி' என்ற பழைய சொல்லை எடுத்தார். சர்வர் ஒரு சின்னத் துண்டுச்சீட்டைக் கொடுக்கும், உலாவி அதை வைத்திருந்து அடுத்த முறை நீட்டும். அவ்வளவுதான். அந்த வருட அக்டோபரில் வந்த நெட்ஸ்கேப் சோதனைப் பதிப்பிலேயே குக்கி இருந்தது. பயனர் யாருக்கும் யாரும் சொல்லவில்லை. 1996 பிப்ரவரியில் ஃபைனான்சியல் டைம்ஸ் நாளிதழ் எழுதிய பிறகுதான் பொதுமக்களுக்கு விஷயம் பரவலாகத் தெரிந்தது.

குக்கியின் அளவு சுமார் 4096 பைட். இங்கே தமிழ்க்காரனாக ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்த்தேன். யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட். குக்கிக்குள் பத்திரமாகப் போக அதைச் சதவீதக் குறியிட்டு எழுதினால் 9. 'கோ' என்ற ஓரெழுத்தில் இரண்டு குறிகள் இருப்பதால் 18. ஒரு முழுக் குக்கியில் எட்டொன்பது திருக்குறள் வைக்கலாம், உரை வைக்க இடமிருக்காது. அதைவிட மோசம், இந்தச் சீட்டு ஒவ்வொரு கோரிக்கையோடும் சர்வருக்குப் போய் வரும். பரண் இல்லை இது, சட்டைப்பை.

ஆனால் இந்தச் சட்டைப்பைதான் பின்னால் வந்த எல்லாவற்றின் தலையெழுத்தையும் எழுதியது. விளம்பர நிறுவனங்கள் அதே சீட்டை வைத்து ஒரே ஆளைப் பல தளங்களில் பின்தொடரலாம் என்று சீக்கிரமே கண்டுபிடித்தன. மூன்றாம் தரப்புக் குக்கிகளை அடைத்துவிடலாமா என்று அப்போதே பேச்சு வந்தது. மான்டுலி வேண்டாம் என்ற பக்கம் நின்றார். அடைத்தால் அவர்கள் பயனர் கண்ணுக்கே தெரியாத வேறு வழியைத் தேடிக்கொள்வார்கள், குக்கி என்றால் கட்டுப்படுத்தவாவது முடியும் என்பது அவர் வாதம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. அதன் விலையை யார் கொடுத்தார்கள் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

*

இப்போது கப்பலுக்குப் போவோம். நிஜக் கப்பல்தான்.

2000 தொடக்கத்தில் ரிச்சர்ட் ஹிப் என்ற நிரலாளர் அமெரிக்கக் கடற்படையின் ஒரு போர்க்கப்பலுக்கு, 'ஆஸ்கர் ஆஸ்டின்' என்ற ஏவுகணை நாசகாரிக் கப்பலுக்கு, ஒப்பந்த வேலை செய்துகொண்டிருந்தார். கப்பல் அடிபட்டுக் குழாய்கள் உடைந்தால், எந்த வால்வை மூடி எந்த வால்வைத் திறப்பது என்று சொல்லும் மென்பொருள் அது. தரவெல்லாம் இன்ஃபார்மிக்ஸ் என்ற பெரிய தரவுத்தள சர்வரில். அந்த சர்வர் அவ்வப்போது படுத்துவிடும். அப்போது திரையில் 'தரவுத்தளத்தோடு இணைய முடியவில்லை' என்று பெட்டி வரும். பெட்டியைக் காட்டியது ஹிப்பின் நிரல் என்பதால் திட்டும் அவருக்கே. கப்பல் அடிபட்ட நேரத்தில்தான் இந்த மென்பொருளே தேவை, அந்த நேரத்தில் சர்வர் உயிரோடு இருக்கும் என்று யார் உத்தரவாதம் தர முடியும்? சர்வரே வேண்டாம், வட்டில் ஒரு கோப்பு, அதை நேராகப் படித்துவிடலாமே என்று ஹிப் யோசித்தார்.

2000 ஆகஸ்டில் எஸ்க்யூலைட் முதல் பதிப்பு வந்தது. காப்புரிமை எதுவும் கோராமல் பொதுவுடைமையாக விட்டுவிட்டார். யாரும் எடுக்கலாம், விற்கலாம், பேர்கூடப் போட வேண்டாம். மோட்டோரோலா, சிம்பியன் என்று கைப்பேசி உலகம் அவரைத் தேடி வந்தது. ஐஃபோனும் ஆண்ட்ராய்டும் வந்தபோது இரண்டும் அதைத்தான் எடுத்துக்கொண்டன. 2008-ல் ஃபயர்ஃபாக்ஸ் 3 தன் புத்தகக்குறிகளையும் வரலாற்றையும் எஸ்க்யூலைட்டுக்கு மாற்றியது. அதன் வளர்ச்சிக்குப் பணம் தரும் கூட்டமைப்பிலும் மோஸில்லா ஆரம்பத்திலிருந்தே இருந்தது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், சீக்கிரமே தேவைப்படும்.

*

உலாவிக்குள் இருந்தவர்களுக்கோ பெரிய பஞ்சம். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5-ல் 'யூசர்டேட்டா' என்று ஒன்று வந்தது, மற்ற உலாவிகளில் கிடையாது. ஃபிளாஷ் பிளேயருக்குள் 100 கேபி வரை கேட்காமலே வைக்கலாம் என்று தெரிந்ததும், ஜாவாஸ்கிரிப்ட் ஆட்கள் கண்ணுக்குத் தெரியாத ஒரு ஃபிளாஷ் துண்டைப் பக்கத்தில் ஒளித்து வைத்து அதற்குள் தரவைத் திணித்தார்கள். வாடகை வீட்டில் இடமில்லை என்று பக்கத்து வீட்டுத் திண்ணையில் மூட்டை வைத்த கதை. 2007 மே மாதம் கூகுள் 'கியர்ஸ்' என்ற செருகுநிரலை வெளியிட்டது. உள்ளே எஸ்க்யூலைட்! கூகுள் ரீடரை ரயிலில் இணைப்பு இல்லாமல் படிக்கலாம் என்று அப்போது எல்லோரும் வாய்பிளந்தார்கள். ரீடரும் இன்று இல்லை, கியர்ஸும் இல்லை.

செருகுநிரல் எதற்கு, உலாவிக்குள்ளேயே வைத்துவிடலாமே என்று வந்தது வெப் எஸ்க்யூஎல். 2008 மார்ச்சில் சஃபாரி 3.1-ல் வந்தது, பின்னால் குரோமும் ஓப்பராவும் சேர்ந்துகொண்டன. 2009-ல் கூகுள் இதை வைத்து, ஐஃபோன் உலாவியிலேயே இணைப்பில்லாமல் ஓடும் ஜிமெயிலைக் கொடுத்தது. 2011-ல் ஃபைனான்சியல் டைம்ஸ் (அதே நாளிதழ்தான்) ஆப்பிளின் 30 சதவீதக் கமிஷனோடும் சந்தாதாரர் விவரம் யாருக்குச் சொந்தம் என்ற சண்டையோடும் மல்லுக்கட்டி, ஆப் ஸ்டோரை விட்டு வெளியேறி, முழு நாளிதழையும் உலாவிக்குள் கொண்டுவந்தது. இடம் போதவில்லை. ஜாவாஸ்கிரிப்ட் ஒவ்வொரு எழுத்துக்கும் 2 பைட் ஒதுக்குகிறது, ஆங்கிலத்துக்கு 1 போதும் என்று கவனித்த அவர்களின் நிரலாளர்கள், இரண்டு ஆங்கில எழுத்தை ஓரெழுத்துக்குள் மடித்து வைத்து இடத்தை இரட்டிப்பாக்கினார்கள். பார்க்க ஏதோ சீனம் மாதிரி இருக்குமாம். தமிழுக்கு இந்த வித்தை பலிக்காது, நம் குறிகள் ஏற்கெனவே அந்த 2 பைட்டையும் நிரப்பிவிடுகின்றன.

ஆக, 2010 வாக்கில் கைப்பேசி உலாவிகளில் ஒரு நல்ல பரண் தயாராக இருந்தது. அப்புறம் அதைக் கொன்றார்கள்.

கொலைக் காரணம் விசித்திரமானது. வெப் எஸ்க்யூஎல் நன்றாக வேலை செய்தது என்பதுதான் பிரச்சினை. செயல்படுத்திய எல்லோரும் அடியில் எஸ்க்யூலைட்டையே வைத்திருந்தார்கள். தரநிலை ஆவணத்தைத் திறந்தால், எஸ்க்யூஎல் மொழியின் எந்த வடிவம் என்ற இடத்தில் 'எஸ்க்யூலைட் 3.6.19 எதை ஏற்கிறதோ அது' என்ற அளவில்தான் இருக்கும். ஒரு தரநிலை என்றால், அதைப் படித்துவிட்டு ஊர் பேர் தெரியாத ஒருவர் புதிதாக ஒன்றை எழுதிவிட முடிய வேண்டும். இங்கே எழுதுவதற்கு ஒன்றுமில்லை, ஹிப்பின் கோப்பை இறக்கிக்கொள்ள வேண்டியதுதான். மோஸில்லா சேர மாட்டேன் என்றது. தன் உலாவிக்குள் எஸ்க்யூலைட் இல்லாமலா? இருந்தது. தனக்குப் பயன்படுத்துவது வேறு, வலை முழுவதையும் ஒரே மென்பொருளின் பழக்கவழக்கங்களுக்குக் காலத்துக்கும் கட்டிப்போடுவது வேறு என்றார்கள். 2010 நவம்பர் 18 அன்று வலைத் தரநிலை அமைப்பான டபிள்யூ3சி, சுதந்திரமான பல செயலாக்கங்கள் இல்லாததால் முட்டுச்சந்தில் நிற்கிறோம் என்று எழுதிக் கோப்பை மூடியது.

இதைப் பற்றி எனக்கு இரண்டு மனசு. கொள்கையாகப் பார்த்தால் மோஸில்லா சொன்னது சரிதான், ஒரே ஒரு இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரின் ராஜ்ஜியத்தை எதிர்த்துப் பிறந்தவர்கள் அவர்கள், அந்தப் பயம் நியாயமானது. ஆனால் அதற்குப் பதிலாக வந்ததைப் பார்த்தால் பெருமூச்சு வருகிறது.

வந்தது இண்டெக்ஸ்ட் டிபி. ஆரக்கிளில் இருந்த நிகுஞ்ச் மேத்தா 2009-ல் முன்வைத்த யோசனை. எஸ்க்யூஎல் கிடையாது, சாவியும் மதிப்பும்தான், வேண்டுமானால் அட்டவணைக் குறிப்புகள் போட்டுக்கொள்ளலாம். லைப்ரரி எழுதுகிறவர்கள் மேலே வசதியாகக் கட்டிக்கொள்வார்கள், நாங்கள் செங்கல் மட்டும் தருகிறோம் என்பது தத்துவம். செங்கல்தான். ஒரு பெயரைச் சேமித்துத் திரும்ப எடுக்க இருபது முப்பது வரி எழுத வேண்டும். முழுப் பரிந்துரையாக அது நிற்க 2015 ஆனது. அதிலும் ஒரு கூத்து: ஃபயர்ஃபாக்ஸ் இண்டெக்ஸ்ட் டிபியை எதன் மேல் கட்டியது தெரியுமா? எஸ்க்யூலைட் மேல்.

நாங்கள் கூட்டம் போட்டு ஒப்பிடும் லைப்ரரிகள் முளைத்தது இந்தச் செங்கல் குவியலில்தான். அதற்கு முன்பே எச்டிஎம்எல்5 கொடுத்த லோக்கல் ஸ்டோரேஜ் இருந்தது: பயன்படுத்த ஒரு வரி போதும், ஆனால் சுமார் 5 எம்பி, வெறும் எழுத்துச்சரம், அதோடு எழுதி முடிக்கும்வரை பக்கம் மூச்சுவிடாமல் நிற்கும். மோஸில்லா ஆட்கள் எழுதிய லோக்கல்ஃபோரேஜ், அந்த எளிமையை வெளியே காட்டி உள்ளே இண்டெக்ஸ்ட் டிபியையும், அது இல்லாவிட்டால் செத்துப்போன வெப் எஸ்க்யூஎல்லையும், அதுவும் இல்லாவிட்டால் லோக்கல் ஸ்டோரேஜையும் தேடிப்போனது. சுவீடன்காரர் டேவிட் ஃபாலாண்டரின் டெக்ஸி, உண்மையான தேடல்களை மனிதர்கள் எழுதக்கூடிய வாக்கியங்களாக்கியது. இன்றைக்கு ஒரு சாதாரண வலைச்செயலிக்கு என்னைக் கேட்டால் டெக்ஸியைத்தான் சொல்வேன், யோசிக்காமல். இந்த லைப்ரரிகளின் உழைப்பில் பெரும்பகுதி வசதி செய்து கொடுப்பதில் போகவில்லை, ஓட்டையை அடைப்பதில் போனது. 2014-ல் ஐஓஎஸ் 8-ன் சஃபாரியில் இண்டெக்ஸ்ட் டிபி முதன்முதலாக வந்தபோது, இரண்டு வேறு அலமாரிகளில் ஒரே சாவி எண்ணில் பொருள் வைத்தால் ஒன்று மற்றதை அழித்துவிடும். இது ஏதோ மூலையில் கிடந்த பிழை இல்லை. வாடிக்கையாளர் எண் 1-ம் விலைப்பட்டியல் எண் 1-ம் எல்லாச் செயலியிலும் இருக்கும்.

*

பவுச்டிபி தனிக் கிளை. அதற்கு இன்னும் பழைய வேர் இருக்கிறது.

1989-ல் வெளிவந்த லோட்டஸ் நோட்ஸை இப்போது யாரும் நினைப்பதில்லை. நினைப்பவர்களும் திட்டத்தான் நினைப்பார்கள், அலுவலகத்தில் அதைப் பயன்படுத்தியவர்களைக் கேளுங்கள். ரே ஓஸி உருவாக்கிய அதன் அடிப்படை அழகானது: ஒவ்வொரு கணினியிலும் தரவின் முழுப் பிரதி. தொலைபேசி மோடம் இணையும்போது இரண்டு பிரதிகளும் பேசிக்கொண்டு வித்தியாசத்தைப் பரிமாறிக்கொள்ளும். இணைப்பு இல்லாதது பிழை இல்லை, இயல்பு நிலை. நோட்ஸில் வேலை பார்த்த டேமியன் காட்ஸ் பிறகு வேலையை விட்டு, சேமிப்பைச் செலவழித்துக்கொண்டு, 2005 முதல் அதே யோசனையை வலைக்காக மறுபடி எழுதினார். அதுதான் கவுச்டிபி. அதே உடன்படிக்கையை உலாவிக்குள் பேசும் தம்பிதான் பவுச்டிபி.

இரண்டு பேர் இணைப்பில்லாமல் ஒரே பதிவைத் திருத்திவிட்டால் என்ன ஆகும்? மற்ற பல அமைப்புகள் கடைசியாக வந்தவர் சொன்னதை வைத்துக்கொண்டு முந்தையதைச் சத்தமில்லாமல் தூக்கிப்போடும். கவுச்டிபி இரண்டையும் வைத்திருக்கும். எல்லாப் பிரதிகளும் கலந்து பேசாமலே ஒரே பதிப்பை வெற்றிபெற்றதாகத் தேர்ந்தெடுக்கும், தோற்றது பத்திரமாகக் கூடவே கிடக்கும், எது சரி என்பதை மனிதர் பார்த்துக்கொள்ளலாம். இதனால் எடை கூடும், வேகம் குறையும். அளவுகோல் வைத்து ஓட்டப்பந்தயம் நடத்தும் ஒப்பீடுகளில் பவுச்டிபி பின்னால் வருவது இதனால்தான். ஆனால் கென்யா, உகாண்டா, நேபாளத்தில் வீடு வீடாக நடந்து கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் பார்க்கும் சமூக சுகாதாரப் பணியாளர்களின் போனில், மெடிக் என்ற லாபநோக்கற்ற அமைப்பின் செயலிகளுக்கு அடியில், இந்த இரண்டும்தான் ஓடியிருக்கின்றன. சிக்னல் இல்லாத மலைக்கிராமத்தில் பதிந்த ஒரு குழந்தையின் காய்ச்சல் விவரம், மேற்பார்வையாளரின் திருத்தத்தோடு மோதிக் காணாமல் போகக் கூடாது. அங்கே 40 மில்லிவினாடி தாமதத்தை யார் எண்ணப்போகிறார்கள்?

*

2020 மார்ச் 24. உலகமே ஊரடங்கில் இருந்த வாரம். சஃபாரியின் இயந்திரமான வெப்கிட் குழு ஓர் அறிவிப்பு வெளியிட்டது: பயனர் சஃபாரியைப் பயன்படுத்திய நாள்களில் ஏழு நாள் ஒரு தளத்தைத் தொடாமலிருந்தால், அந்தத் தளம் நிரல் வழியாக எழுதி வைத்த எல்லாவற்றையும் அழித்துவிடுவோம். லோக்கல் ஸ்டோரேஜ், இண்டெக்ஸ்ட் டிபி, எல்லாமே.

ஏன்? பழைய சட்டைப்பைக் கதைதான். 2017 முதல் ஆப்பிள் பின்தொடரும் குக்கிகளை அடைத்துக்கொண்டே வந்தது. 2019-ல் நிரல் எழுதும் குக்கிகளுக்கு ஏழு நாள் ஆயுள் என்றது. பின்தொடர்கிறவர்கள் குக்கியை விட்டுவிட்டு லோக்கல் ஸ்டோரேஜில் குடியேறினார்கள். எலியைப் பிடிக்கப் பரணையே கொளுத்த வேண்டியதாயிற்று. விளம்பர நிறுவனம் ஒளித்து வைத்த அடையாள எண்ணுக்கும், நீங்கள் பாதி எழுதி வைத்த கவிதைக்கும் உலாவியால் வித்தியாசம் பார்க்க முடியாது. இரண்டும் பைட்தான். முகப்புத் திரையில் செயலியாகச் சேர்த்துக்கொண்ட தளங்களுக்கு விலக்கு உண்டு என்று பிறகு தெளிவுபடுத்தினார்கள். ஐஃபோனில் அப்படிச் சேர்ப்பதற்கு எந்த மெனுவுக்குள் போக வேண்டும் என்று பத்துப் பேரைக் கேட்டுப் பாருங்கள்.

கைப்பேசிச் செயலிகளில் இந்தப் பயம் இல்லை, அங்கே வேறு பயம். ரியல்ம் என்ற தரவுத்தளம் 2014-ல் வந்தபோது பலருக்குக் காதலே வந்தது. எஸ்க்யூலைட் மேல் கட்டாமல் சொந்த இயந்திரம், சேமித்த பொருளை நிரலுக்குள் இருக்கும் பொருள் போலவே கையாளலாம், வேகம் வேறு. பிறகு சாதனங்களுக்கிடையே ஒத்திசைவும் சேர்ந்தது. 2019-ல் மாங்கோடிபி நிறுவனம் 3.9 கோடி டாலருக்கு வாங்கியது. 2024 செப்டம்பரில் ஒத்திசைவுச் சேவையை நிறுத்துவதாக அறிவித்தார்கள், 2025 செப்டம்பர் 30 கடைசி நாள். இதற்கு முன் ஃபேஸ்புக் வாங்கி 2017 ஜனவரியில் மூடிய பார்ஸ் கதையும் இதேதான். போனில் இருக்கும் கோப்பு அங்கேயே இருக்கிறது. இன்னொரு போனோடு பேச வைத்த குரல்தான் போய்விட்டது. லைப்ரரியை ஒப்பிடும் அட்டவணையில் வேகம், அளவு, வசதி என்று பத்தி இருக்கும். 'இதை நடத்துகிறவர்கள் மனம் மாறினால் என்ன மிஞ்சும்' என்ற பத்தியை நான் எங்கும் பார்த்ததில்லை, எங்கள் டீமில் இப்போது போடுகிறோம்.

*

கடைசியாக, செத்தவர் திரும்பி வந்த கதை. 2021 ஆகஸ்டில் ஜேம்ஸ் லாங் என்ற நிரலாளர், எஸ்க்யூலைட்டை வெப் அசெம்பிளிக்கு மாற்றி உலாவிக்குள் ஓடவிட்டு, அதன் கோப்பைத் துண்டு துண்டாக இண்டெக்ஸ்ட் டிபிக்குள் வைத்தார். பெயரே 'அப்சர்ட் எஸ்க்யூஎல்'. ஃபயர்ஃபாக்ஸில் இதன் அடுக்கைப் பாருங்கள்: மேலே எஸ்க்யூலைட், நடுவில் இண்டெக்ஸ்ட் டிபி, அதற்கடியில் மறுபடி எஸ்க்யூலைட். அபத்தம்தான், ஆனால் நேராக இண்டெக்ஸ்ட் டிபியைப் பயன்படுத்துவதைவிட இது வேகமாக ஓடியது. 2022-ல் எஸ்க்யூலைட் குழுவே அதிகாரபூர்வ வெப் அசெம்பிளி வடிவத்தை வெளியிட்டது. ஒவ்வொரு தளத்துக்கும் தனிக் கோப்பறை தரும் வசதியும் 2023-க்குள் மூன்று பெரிய உலாவிகளிலும் வந்துவிட்டதால், இப்போது நடு அடுக்கும் தேவையில்லை. நோஷன் 2024-ல் இதைப் பயன்படுத்திப் பக்கம் தாவும் நேரத்தை 20 சதவீதம் குறைத்ததாக எழுதியது. இதற்கு நடுவே, 2023-ல் குரோம் 119 வெப் எஸ்க்யூஎல்லின் கடைசி எச்சத்தையும் துடைத்தெடுத்தது. முன்வாசலில் ஒருவரை அனுப்பிவிட்டுக் கொல்லைப்புறமாக அவரையே அழைத்துக்கொண்டார்கள். மோஸில்லாவுக்கும் இதில் தோல்வியில்லை. இந்த முறை எஸ்க்யூலைட் தரநிலைக்குள் இல்லை, எந்தத் தளத்துக்கு வேண்டுமோ அந்தத் தளம் சுமந்து வருகிறது.

ஆனால் அந்தக் கோப்பறையும் உலாவியின் வீட்டுக்குள்தான். வட்டில் இடம் குறைந்தால் உலாவி அதையும் காலி செய்யலாம். 'இதைக் கேட்காமல் அழிக்காதே' என்று ஒரு தளம் விண்ணப்பிக்க ஒரு வரி நிரல் இருக்கிறது. ஃபயர்ஃபாக்ஸ் அந்த விண்ணப்பத்தைப் பயனரிடமே காட்டி அனுமதிக்கலாமா என்று கேட்கும். குரோம் உங்களிடம் கேட்பதில்லை. அந்தத் தளத்துக்கு நீங்கள் எவ்வளவு அடிக்கடி வருகிறீர்கள், செயலியாக நிறுவியிருக்கிறீர்களா, அறிவிப்புகளுக்கு அனுமதி தந்திருக்கிறீர்களா என்றெல்லாம் பார்த்து, தானே முடிவு செய்துகொள்ளும்.